ஸ்கேல் நீளத்தில் தாராளம், ஃப்ரெட் இடைவெளியில் கறார்

கிதார் செய்ய வாங்கிய மரம் வந்து சுவரில் சாய்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ரம்பம், உளி, பசை எல்லாம் தயார். ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம், 24 அங்குலமா, 24.75 அங்குலமா, 25.5 அங்குலமா, 650 மில்லிமீட்டரா என்ற ஒரே கேள்வியில் நான் முடங்கிக் கிடந்தேன். நீளம் கூடினால்தான் நாதம் கணீரென்று வரும் என்றார் ஒருவர். நீளம் குறைந்தால்தான் விரல் பிழைக்கும் என்றார் இன்னொருவர். இருவரும் அடித்துச் சொன்னார்கள். கடைசியில் 650 என்று முடிவுசெய்து, அந்தக் களைப்பிலேயே ஃப்ரெட்களுக்கான (கழுத்தின் குறுக்கே பதியும் உலோக மெட்டுகள்) வெட்டுகளை ஒரே மாலையில் அவசர அவசரமாக அறுத்துக் கெடுத்தேன். யோசிக்கத் தேவையில்லாத இடத்தில் மூன்று வாரமும், யோசித்தே ஆகவேண்டிய இடத்தில் மூன்று மணி நேரமும் செலவழித்திருக்கிறேன் என்பது கம்பி கட்டிய பிறகுதான் புரிந்தது.

ஸ்கேல் நீளத்தில் ஐந்து மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. ஒரு ஃப்ரெட் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் காது காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் கிதார் செய்கிறவர் இந்த இரண்டையும் ஒரே கவலையாகச் சுமக்கக் கூடாது. இரண்டும் தனித்தனி முடிவுகள்.

முதலில் அளவைச் சரியாகப் புரிந்துகொள்வோம். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டுதான் நட்டு. அதன் உள்விளிம்பிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் நடு வரை உள்ள தூரத்தை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் ஸ்கேல் நீளம். நட்டிலிருந்து சாடில் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) வரை நாடாவைப் பிடித்து அளப்பது தவறு. சாடில் எப்போதும் கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நண்பரின் கிதாரைப் பார்த்துச் செய்ய நினைப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

புழக்கத்தில் இருக்கும் நீளங்கள் அதிகமில்லை. நைலான் கம்பி கிளாசிக்கல் கிதாருக்கு 650 மி.மீ.; 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அன்டோனியோ டி டோரஸ் செய்த கிதார்களின் வழியில் வந்து நிலைத்த அளவு அது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் டெலிகாஸ்டரும் 25.5 அங்குலம், அதாவது 647.7 மி.மீ. மார்ட்டினின் பெரிய உடல் கொண்ட எஃகுக் கம்பி கிதார்கள் 25.4 அங்குலம். பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் கிதார்கள் 25 அங்குலம், 635 மி.மீ. கிப்சன் லெஸ் பால் 24.75 என்று சொல்லப்படுகிறது. அப்படி எழுதியிருக்கும் கிதார்களை உண்மையில் அளந்தால் பலவற்றில் 24.6க்கு அருகில்தான் வரும். உலகப் புகழ்பெற்ற ஒரு கிதாரின் நீளம் அறிவித்ததிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது, அதனால் யாருடைய தூக்கமும் கெடவில்லை. ஃபெண்டரின் மஸ்டாங்கும் ஜாகுவாரும் 24 அங்குலம், 609.6 மி.மீ. தாழ்ந்த சுருதிக்கான பாரிட்டோன் 27 அங்குலத்தில் தொடங்கும்.

ஆக, சாதாரணச் சுருதியில் வாசிக்கப்போகும் ஒருவருக்கு இருக்கும் மொத்த வீச்சு 610 முதல் 650 வரை, வெறும் 40 மில்லிமீட்டர். இந்த நாற்பதுக்குள் எதை எடுத்தாலும் கிதார் கிதாராகத்தான் இருக்கும்.

எந்த நீளம் தனக்குப் பிடிக்கும் என்று தெரியாதவர் மரத்தைத் தொடும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 25.5 அங்குலக் கிதார் ஒன்றைக் கடன் வாங்குங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, அந்த நிலையில் வழக்கமான சுருதி வரும்படி எல்லாக் கம்பிகளையும் அரைச்சுரம் இறக்கிக்கொள்ளுங்கள். கேப்போவிலிருந்து மிச்சமிருக்கும் நீளம் 611 மி.மீ. அது ஏறத்தாழ 24 அங்குலக் கிதார்தான். அரை மணி நேரம் வாசியுங்கள். பிறகு கேப்போவைக் கழற்றி, சுருதியை மீண்டும் ஏற்றி வாசியுங்கள். இரண்டு கோடிகளும் உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். எந்த நீளத்தில் எப்படி ஒலிக்கும் என்று பிறர் எழுதிய வர்ணனைகளை எல்லாம் படிப்பதைவிட இந்த ஒரு மணி நேரம் மேல்.

இதே கணக்கு மறுபக்கமும் செல்லும். 27 அங்குலப் பாரிட்டோனின் முதல் ஃப்ரெட்டிலிருந்து மிச்சமிருப்பது 647 மி.மீ., அதாவது 25.5 அங்குலம். நட்டுக்குப் பின்னால் ஒரு ஃப்ரெட் கூடுதலாக ஒட்டிய ஃபெண்டர் நீளம் என்று பாரிட்டோனைப் பார்த்தால் அதன் மர்மம் போய்விடும். 25.5 அங்குலத்துக்கு வெட்டிய தயார் விரற்பலகையின் முதல் ஃப்ரெட்டை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் நட்டை வைத்து 24 அங்குலக் கிதார் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது இழுவிசை. நீள வாக்குவாதங்களின் மையம் இதுதான். ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 24.75இலிருந்து 25.5க்குப் போனால் நீளம் 3 சதவீதம் கூடுகிறது. இழுவிசை 6 சதவீதம் கூடுகிறது. 0.010 அங்குல எஃகுக் கம்பியை முதல் கம்பியின் சுருதிக்கு ஏற்றினால் குறுகிய ஸ்கேலில் சுமார் 7 கிலோ, நீண்டதில் சுமார் 7.4 கிலோ. விரலுக்கு இது தெரியும், மறுக்கவில்லை. கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்றுகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் அதே கிதாரில் 0.010க்குப் பதில் 0.011 கம்பியை மாட்டிப் பாருங்கள். இழுவிசை 21 சதவீதம் ஏறுகிறது. மூன்று வாரம் நான் மண்டையைப் பிய்த்துக்கொண்ட வித்தியாசத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல், ஒரு கம்பிப் பொட்டலத்தில் கிடைக்கிறது. குறுகிய ஸ்கேலில் கம்பி தொய்வாகத் தோன்றினால் ஒரு படி தடிமனான கம்பி போடலாம். நீண்ட ஸ்கேல் இறுக்கமாகத் தோன்றினால் மெல்லிய கம்பி. நீளம் முடிந்த முடிவு, கம்பி மாற்றக்கூடிய முடிவு. மாற்றக்கூடியதன் வீச்சு அதிகமாக இருக்கும்போது மாற்ற முடியாததைப் பற்றி அவ்வளவு பதற வேண்டியதில்லை.

நாதத்தில் வேறுபாடே இல்லையா என்றால், இருக்கிறது. நீண்ட கம்பி, அதே சுருதியில் அதே தடிமனில், கூடுதல் இறுக்கத்தோடு நிற்கும். மேல்சுரங்கள் துலக்கமாக வரும். தடித்த ஆறாம் கம்பி மழுங்காமல் தெளிவாகப் பேசும். குறுகியதில் ஒலி சற்றுத் திரண்டு, மெத்தென்று வரும். சுருதியை இறக்கி வாசிக்கிற பழக்கம் உள்ளவர் நீளத்தைக் குறைத்தால் ஆறாம் கம்பி கொழகொழத்துவிடும். அவர் 648க்குக் கீழே போக வேண்டாம். மற்றபடி மேற்பலகையின் தடிமன், உள்ளே ஒட்டும் பட்டைகளின் வலு, எலெக்ட்ரிக்கில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இவையெல்லாம் நாதத்தைத் தீர்மானிக்கும் அளவுக்கு அந்த மூன்று சதவீத நீளம் தீர்மானிக்காது.

முதல்முறை செய்பவருக்கு இழுவிசையில் வேறொரு பக்கம் இருக்கிறது. எஃகுக் கம்பி அக்கூஸ்டிக் கிதாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் பிரிட்ஜை (சாடிலைத் தாங்கி மேற்பலகையில் ஒட்டியிருக்கும் கட்டை) இழுத்துக்கொண்டிருக்கும், இரவும் பகலும். நைலானில் இது சுமார் 40 கிலோ. பட்டைகளை எவ்வளவு சீவலாம் என்று கை பழகாத ஒருவருக்கு 6 சதவீதக் குறைவும் நல்லதுதான். என் பழைய மேற்பலகை ஒன்று பிரிட்ஜுக்குப் பின்னால் தொப்பை போட்டதைப் பார்த்த பிறகு இதை நான் அலட்சியமாகச் சொல்வதில்லை.

கை சிறியது, அதனால் குறுகிய ஸ்கேல் என்பார்கள். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை விரல் விரிய வேண்டிய தூரம் 25.5 அங்குலத்தில் 97 மி.மீ., 24 அங்குலத்தில் 91.5 மி.மீ. வித்தியாசம் ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு. சின்னக் கைக்கு இது உதவும். ஆனால் கழுத்தின் அகலமும் பின்புறத் தடிமனும் இதைவிட அதிகமாகக் கையைப் படுத்தும். நட்டில் 52 மி.மீ. அகலமுள்ள கிளாசிக்கல் கழுத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு 43 மி.மீ. கழுத்தைப் பிடித்தால், கையைக் களைக்கவைத்தது ஸ்கேல் நீளம் அல்ல என்று தெரியும். மேலே போகப்போக இது தலைகீழாகவும் ஆகிறது. 19ஆம் ஃப்ரெட்டுக்கும் 20ஆம் ஃப்ரெட்டுக்கும் நடுவே 650இல் 12.2 மி.மீ. இடம் இருக்கிறது, 24 அங்குலத்தில் 11.4 மி.மீ. தடித்த விரல்காரர் அங்கே நெருக்கடியை உணர்வார்.

குழந்தைக்குச் செய்கிறீர்கள் என்றால் கணக்கு வேறு. 580 மி.மீ. அளவில் செய்யலாம், அது 650இன் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலுள்ள பகுதிக்குச் சமம். வழக்கமான கம்பியும் வழக்கமான சுருதியும் வைத்தால் தொய்வாக இருக்கும், ஒரு முழுச்சுரம் ஏற்றிச் சுருதி சேர்த்தால் சரியாகிவிடும்.

நீளத்தை மாற்றும்போது உடலில் என்ன நகர்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 650 மி.மீ. வரைபடத்தில் கழுத்து 14ஆம் ஃப்ரெட்டில் உடலோடு சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சேர்க்கையிலிருந்து சாடில் கோடு 289.5 மி.மீ. தள்ளி இருக்கும். உடலை மாற்றாமல் ஸ்கேலை மட்டும் 24.75 ஆக்கினால் அது 280 ஆகிவிடும். ஒன்பதரை மில்லிமீட்டர் முன்னே வந்த பிரிட்ஜ், உள்ளே ஒட்டிய பட்டைகளின் மேல் சரியாக உட்காராது. ஒருவருடைய உடல் வரைபடமும் இன்னொருவருடைய ஸ்கேலும் வேண்டாம். வரைபடம் ஒன்றை எடுத்தால் அதன் நீளத்தையும் சேர்த்து எடுங்கள்.

என் தேர்வைக் கேட்டால்: நைலான் என்றால் யோசிக்காமல் 650. எஃகுக் கம்பியோ எலெக்ட்ரிக்கோ, முதல் கிதார் என்றால் 635. நடுவில் நிற்பதால் எந்தக் கம்பித் தொகுப்பும் ஒத்துப்போகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று சோம்பேறிக் காரணம், அதைக் கீழே ஃப்ரெட் எண்களில் பார்க்கலாம்.

இனி இடைவெளிக்கு வருவோம். வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கும். சுரம் பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம். கிதாரில் அந்தச் சலுகை கிடையாது. மரத்தில் ரம்பம் இறங்கிவிட்டால் இறங்கியதுதான்.

பழைய தச்சர்களின் வழி பதினெட்டு விதி: நீளத்தைப் பதினெட்டாகப் பிரித்து ஒரு பங்கில் முதல் ஃப்ரெட், மிச்சத்தைப் பதினெட்டாகப் பிரித்து அடுத்தது, இப்படியே. கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் 1581இல் வெளியிட்ட நூலில் 18க்கு 17 என்ற இந்த விகிதத்தைத்தான் சொன்னார். கணிப்பான் இல்லாத காலத்துக்கு அபாரமான தோராயம். ஆனால் 650 மி.மீ. கிதாரில் இதைப் பின்பற்றினால் பன்னிரண்டாவது ஃப்ரெட் 325க்குப் பதில் 322.6இல் வந்து நிற்கும். ஸ்தாயி 12 சென்ட்டுக்கு மேல் தாழும். (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், ஐந்து சென்ட் விலகினால் கவனமான காது நெளியத் தொடங்கும்.) சரியான வகுஎண் 17.817. இரண்டின் பன்னிரண்டாம் படிமூலமான 1.05946இலிருந்து வருவது அது. கைப்பேசியில் கணிப்பான் வைத்துக்கொண்டு 18ஆல் வகுப்பதற்கு இன்று எந்த நியாயமும் இல்லை.

வகுஎண் சரியாக இருந்தும் என் முதல் கிதார் கெட்டது. ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு அளந்ததுதான் காரணம். 36.5, அங்கிருந்து 34.5, அங்கிருந்து 32.5 என்று ஒவ்வொரு கோட்டின்மேலும் அளவுகோலை மறுபடி வைத்தேன். பென்சில் முனை மழுங்க மழுங்கக் கோடும் தடித்தது. கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறாக முடிவுசெய்திருக்கிறேன். முடித்துக் கம்பி கட்டி, பிறகு நட்டிலிருந்து அளந்தபோது ஐந்தாவது ஒரு மில்லிமீட்டர் முன்னே, எட்டாவது அரை மில்லிமீட்டர் பின்னே, பன்னிரண்டாவது ஒன்றரை மில்லிமீட்டர் முன்னே. பன்னிரண்டைச் சரிசெய்யப் பிரிட்ஜை நகர்த்தினால் எட்டு இன்னும் மோசமாகும். எட்டுக்கு நகர்த்தினால் பன்னிரண்டு பல்லை இளிக்கும். அந்தக் கழுத்து இப்போது ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது கிதாரில் அளவுகோலையே தொடமாட்டேன் என்று சபதம் செய்து, கணினியில் வரைந்த 650 மி.மீ. வார்ப்புத்தாளை அச்சிட்டு ஒட்டி, அதன்மேலேயே அறுத்தேன். இருபது வெட்டுகளும் முடிந்த பிறகு சந்தேகம் வந்து பன்னிரண்டாவதை அளந்தேன். 325 இருக்க வேண்டிய இடத்தில் 315 சொச்சம். அச்சுப்பொறி, தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தை 97 சதவீதமாகச் சுருக்கியிருக்கிறது. பத்து மில்லிமீட்டர் பிழை! அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் பார்த்தால் ஒன்றுமே கெடவில்லை. எல்லா ஃப்ரெட்டும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தன. அது பழுதான 650 கிதார் அல்ல, பழுதற்ற 630.5 கிதார். பிரிட்ஜ் இன்னும் ஒட்டப்படவில்லை, அதை 19.5 மி.மீ. முன்னே கொண்டுவந்து ஒட்டினேன், பட்டை ஒன்றைப் பெயர்த்து நகர்த்த வேண்டியிருந்தது என்பது மட்டும்தான் தண்டனை. பத்து மில்லிமீட்டர் பிழை பிழைத்தது, ஒன்றரை மில்லிமீட்டர் பிழை பிழைக்கவில்லை. கிதாருக்கு வேண்டியது விகிதம். நீளத்தை அது எப்படியும் ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே வழிகளை ஒப்பிடும்போது, ‘எது அதிகத் துல்லியம்’ என்பதைவிட ‘எந்தப் பிழை எப்படிப்பட்ட பிழை’ என்று கேட்பது நல்லது. அச்சிட்ட வார்ப்புத்தாளில் வரும் பிழை பெரும்பாலும் மொத்தமாகச் சுருங்குவது அல்லது விரிவது; அறுக்கும் முன் பன்னிரண்டாவது கோட்டையும் கடைசிக் கோட்டையும் எஃகு அளவுகோலால் சரிபார்த்துவிட்டால் கண்டுபிடித்துவிடலாம். பல தாள்களை ஒட்டுகிற வடிவமாக இருந்தால் ஒட்டு விழும் இடம் ஆபத்து, அது விகிதத்தையே உடைக்கும். பசை ஈரத்தில் தாள் விரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். இருபக்க ஒட்டுநாடா உத்தமம்.

ஏற்கெனவே வெட்டி விற்கப்படும் விரற்பலகை வாங்குவது இருப்பதிலேயே பத்திரமான வழி. சுயமாகச் செய்தேன் என்ற பெருமை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நீளமும் அதில் கிடைப்பதுதான் என்று ஆகிவிடும். மேலே சொன்னதை ஏற்றுக்கொண்டால் அது இழப்பே இல்லை.

இன்னொரு கிதாரின் ஃப்ரெட்களைத் தாள் வைத்துப் பிரதி எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் பிழையோடு உங்கள் பிழையும் சேரும். அதிலிருந்து ஒரே ஓர் அளவை, நட்டு முதல் பன்னிரண்டு வரை, எடுத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுங்கள்.

கையாலேயே குறிக்கப் போகிறீர்களா? அதுவும் முடியும், பயப்பட வேண்டாம். எல்லா அளவுகளையும் நட்டிலிருந்தே எடுக்க வேண்டும், ஒரு முறை வைத்த அளவுகோலை கடைசிக் கோடு வரை நகர்த்தக் கூடாது, பென்சிலுக்குப் பதில் கூரிய கத்தியால் கீற வேண்டும். அப்படிச் செய்தால் எவ்வளவு துல்லியம் போதும் என்பது ஆச்சரியமாக இருக்கும். 635 மி.மீ. ஸ்கேலின் முதல் பன்னிரண்டு ஃப்ரெட்கள் நட்டிலிருந்து: 35.64, 69.28, 101.03, 131.00, 159.29, 185.99, 211.19, 234.98, 257.43, 278.62, 298.62, 317.50. இதை அரை மில்லிமீட்டர் கோடுள்ள சாதாரண அளவுகோலுக்கு இறக்கினால் 35.5, 69.5, 101, 131, 159.5, 186, 211, 235, 257.5, 278.5, 298.5, 317.5. இந்தச் சுருக்கத்தால் வரும் பிழை பன்னிரண்டில் ஒன்றில்கூட ஒரு சென்ட்டைத் தொடவில்லை. நான் சொன்ன சோம்பேறிக் காரணம் இதுதான்: 635இல் பல எண்கள் கோட்டின்மேலேயே வந்து விழுகின்றன.

மேலே ஏறஏறக் கண்டிப்பு கூட வேண்டும். 650 மி.மீ. கிதாரில் முதல் ஃப்ரெட் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 3 சென்ட், பன்னிரண்டாவது பிசகினால் 5, இருபதாவது பிசகினால் 8க்கும் மேல். ரம்ப வெட்டு அகலமே சுமார் 0.6 மி.மீ. இருக்கும் என்பதால் ரம்பம் கீறலின் நடுவில் இறங்குகிறதா, ஒரு பக்கமாகவா என்பதே பாதித் துல்லியத்தைத் தின்றுவிடும். கீறலுக்கு ஒட்டி ஒரு சதுரக் கட்டையைப் பிணைத்து, அதன் முகத்தை ஒட்டி ரம்பத்தை ஓட்டுங்கள்; எல்லா வெட்டுக்கும் ஒரே பக்கமாகப் பிணையுங்கள். அப்போது அரை வெட்டு அகலம் எல்லா ஃப்ரெட்களையும் ஒரே அளவு நகர்த்தும். நட்டு முனையின் விளிம்பையும் அதே பக்கம் அதே அரை வெட்டு அகலம் நகர்த்தி வைத்தால் அந்த நகர்வு ரத்தாகிவிடும்.

சம இடைவெளிச் சுரங்களே வேண்டாம் என்பவர்களுக்கும் வழிகள் உண்டு. பன்னிரண்டு சமப் பங்குப் பிரிப்பில் காந்தாரம் 400 சென்ட்டில் விழுகிறது. இயல்பான 5க்கு 4 விகிதக் காந்தாரம் 386. ஒரே சுருதியில் மட்டும் வாசிப்பவருக்கு அந்த ஃப்ரெட்டை நட்டுப் பக்கம் தள்ளி வைத்தால் அமிர்தமாக இருக்கும். 635 ஸ்கேலில் அது நான்கு மில்லிமீட்டர் நகர்வு. ஆனால் ஒரே ஃப்ரெட் ஆறு கம்பிக்கும் பொது. ஒரு கம்பியில் காந்தாரமாக இருப்பது பக்கத்துக் கம்பியில் வேறொன்றாக இருக்கும். அங்கே அந்த நான்கு மில்லிமீட்டர் பழிவாங்கும். மூன்று கம்பிகளைப் பஞ்சம முறையில் கட்டிய பெட்டிக் கிதாருக்கு (சுருட்டுப் பெட்டி போன்றதை உடலாக வைத்துச் செய்வது) மட்டும் இது சரிப்படும். அதே பெட்டிக் கிதாரில் சில ஃப்ரெட்களை வைக்காமலே விட்டு ஏழு சுரங்களுக்கு மட்டும் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தவறான சுரம் வராது, பிறகு வேண்டும் என்றால் சேர்ப்பது தலைவலி.

விசிறி ஃப்ரெட் பார்ப்பதற்கு மயக்கும். ஆறாம் கம்பிக்கு 27 அங்குலம், முதல் கம்பிக்கு 25.5 என்று இரண்டு ஸ்கேல்களை ஒரே கழுத்தில் வைப்பது. ரால்ஃப் நோவாக் 1989இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் 16ஆம் நூற்றாண்டு இறுதியின் ஆர்ஃபரியன் என்ற கம்பி வாத்தியத்திலேயே சாய்ந்த ஃப்ரெட்கள் இருந்தன. தாழ்ந்த கம்பிக்கு நீளம், மேல் கம்பிக்கு நெகிழ்வு என்று இரண்டு நன்மையும் கிடைக்கும். கணக்கும் கடினமில்லை: இரண்டு ஓரங்களிலும் தனித்தனியே குறித்து இணைக்க வேண்டியதுதான். அறுப்பதுதான் கடினம். ஒவ்வொரு வெட்டும் வெவ்வேறு கோணம், நட்டும் பிரிட்ஜும் சாய்வு, பிக்கப்பும் சாய்வு. முதல் கிதாருக்கு இது வேண்டாம். இரண்டாவதுக்கும் வேண்டாம்.

இனி, சாடில் ஏன் பின்தள்ளி இருக்கிறது என்ற பாக்கி. கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் நீள்கிறது, சுரம் கொஞ்சம் ஏறுகிறது. தடித்த எஃகுக் கம்பியின் விறைப்பும் சேர்ந்து ஏற்றுகிறது. இதை ஈடுசெய்யச் சாடிலைப் பின்னே தள்ளுகிறோம்: எஃகுக் கம்பி அக்கூஸ்டிக்கில் முதல் கம்பிக்கு சுமார் 2 மி.மீ., ஆறாவதுக்கு 4 முதல் 5 மி.மீ. நைலானில் இதைவிடக் குறைவு. கூட்டிய இந்த நீளத்தை வைத்து ஃப்ரெட் கணக்குப் போடக் கூடாது. ஃப்ரெட்கள் 635க்கு, சாடில் மட்டும் 637க்கும் 640க்கும் இடையில் சாய்வாக. எலெக்ட்ரிக் பிரிட்ஜில் சாடில்கள் நகரும் என்பதால், முதல் கம்பியின் சாடில் ஏறக்குறைய முழுக்க முன்னே வந்த நிலையில் ஸ்கேல் நீளத்தில் நிற்கும்படி திருகினால் பின்னே போக இடம் மிச்சமிருக்கும்.

மூன்றாவது கிதாரில் பிரிட்ஜை ஒட்டும் முன் ஒரு முன்னோட்டம் பார்த்தேன். முதல் கம்பியையும் ஆறாம் கம்பியையும் மட்டும் ஒரு தற்காலிக வால்கட்டையிலிருந்து இழுத்து, ஒட்டாத பிரிட்ஜின் மேல் ஓடவிட்டு, சுருதி சேர்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு வரும் மேல்சுரத்தையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி வரும் சுரத்தையும் மாறிமாறிக் கேட்டேன். அழுத்திய சுரம் கூடியிருந்தால் பிரிட்ஜைப் பின்னே ஒரு தட்டு. குறைந்திருந்தால் முன்னே ஒரு தட்டு. இரண்டு கம்பியும் ஒத்துப்போனபோது பிரிட்ஜின் ஓரங்களைக் கத்தியால் கீறி அடையாளம் வைத்துவிட்டுக் கம்பியை அவிழ்த்தேன். சாடில் கோடு முதல் கம்பியில் 637.5, ஆறாம் கம்பியில் 640. பசையைப் பூசிப் பிணையை முறுக்கும்போது மணி பதினொன்று.